சாறு தனி, சோடா தனி

இடது கை பாட்டிலின் கழுத்தைப் பிடித்திருந்தது. அந்தக் கையில் சுண்டுவிரல் பாதிதான். வலது கை கரண்டியால் பாகை அளந்து ஊற்றி, தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, பாட்டிலை மிஷினின் இரும்புக் கூட்டுக்குள் வைத்துத் திருகியது. பிறகு சக்கரம். பாட்டில் தலைகீழாகப் புரண்டு, நிமிர்ந்து, மறுபடி புரண்டது. பதினெட்டுச் சுற்று. பதினேழில் நிறுத்தினால் காஸ் போதாது. பத்தொன்பதுக்குப் போனால் பழைய பாட்டில் வெடிக்கும். பாதி விரல் போனது அப்படித்தான். கூட்டைத் திறந்தபோது கோலிக்குண்டு கழுத்து ரப்பரில் போய் ஒட்டியிருந்தது. கை பாட்டிலைக் காதருகே கொண்டுபோனது. காஸ் கசிகிற சீறல் இல்லை. ஈரச் சாக்கின் மேல் அதுவும் வரிசையில் சேர்ந்தது.

"ராவுத்தரய்யா."

தெருவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தெற்குத் தெரு வீரையனின் மனைவி நீலாம்பாள். கீற்றுக்கு அடியில் வராமல் வெயிலிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா. என்ன சோடா வேணும்?"

"வாங்க வரலீங்க. ஒண்ணு கேக்கணும். சாராயம் மாதிரி இருக்கணும், சாராயமா இருக்கக் கூடாது. அப்படி ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குங்களா?"

மீரா உசேன் சக்கரத்தின் பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. திருத்துறைப்பூண்டியிலிருந்து கோடியக்கரைப் பக்கம் போகும் பஸ்கள் நிற்கிற கருவேலங்கடையில் முப்பது வருஷமாகச் சோடா போடுகிறார். யாரிடமும் தொழில் கற்றதில்லை. கொழும்பிலிருந்து திரும்பிய ஒருவர் துருப்பிடித்த மிஷினை அவரிடம் தள்ளிவிட்டு, ஓட்டுகிற விதத்தைச் சொல்லாமல் போய்விட்டார். பிரித்து, மாட்டி, மறுபடி பிரித்து, ஒரு வருஷத்தில் அவராகவே கண்டுகொண்டார். தமிழ் படிப்பார், குர்ஆன் ஓதுவார், இங்கிலீஷ் தெரியாது. நாக்கில் வைத்துப் பார்க்காத எதையும் பாட்டிலில் ஊற்றியதில்லை. சாராயத்தை மட்டும் அவர் நாக்கு அறியாது.

நீலாம்பாள் விஷயத்தைச் சொன்னாள். மிராசுதார் துரைராசுவின் நிலத்தில் ஆறு மாவை, ஏக்கர் கணக்கில் இரண்டு, வீரையனின் அப்பா காலத்திலிருந்து அவர்கள்தான் விளைச்சலில் பங்கு அளக்கிற வாரத்துக்குச் சாகுபடி செய்கிறார்கள். காகிதம் எதுவும் கிடையாது. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருக்கிறதென்று விவசாயச் சங்கத்துக்காரர்கள் மனு எழுதிக் கொடுத்தார்கள். தாசில்தார் ஆனி இருபதாம் தேதிக்கு வாய்தா போட்டிருக்கிறார். அன்றைக்கு வீரையன் அவர் முன்னால் நின்று, எந்த மடையில் தண்ணீர் வாங்கி, எந்தக் களத்தில் அடித்து, யார் கையில் வாரம் அளந்தான் என்று தன் வாயால் சொன்னால் ஆறு மாவும் அவன் பெயரில் ஏறும்.

"இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அதுவரைக்கும் அவரு கட்டைவிரல் தப்பணும்," என்றாள்.

சர்க்கார் மதுவிலக்கை எடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை. கருவேலங்கடைச் சாராயக்கடையை ஏலம் எடுத்தவர் துரைராசுவின் மைத்துனர். துரைராசுவின் காரியக்காரன் வைரக்கண்ணு தினமும் அந்தியில் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். மடியில் மைப்பெட்டி. சட்டைப் பையில் எழுதித் தயாராக வைத்த ராஜிப் பத்திரம். வீரையனின் பங்காளி கோவிந்தராசு மாசி மாதத்தில் அந்தப் பெஞ்சில் ஓசியில் ஆறு கிளாஸ் குடித்தான். மனமொப்பி நிலத்தை விட்டுக்கொடுத்ததாகக் கைநாட்டு வைத்தது மறுநாள் உழப்போனபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"குடிக்காதேன்னு சொன்னா?"

"நிறுத்திப் பாத்தாருங்க. ரெண்டாம் நாளே கையி காலு வெட்டி இழுத்துக்கிச்சு. மருந்துக்கடை கம்பவுண்டரு, ஒரேயடியா விட்டா ஆளே போயிடுவான், ஒவ்வொரு கிளாஸா கொறைங்கறாரு. கொறைக்கிற எடத்துல ஊத்திக்க ஏதாவது வேணுமில்லீங்களா? தண்ணி குடுத்தேன். மூஞ்சில ஊத்திட்டாரு."

"அனுப்பு. அந்திக்கு வரச் சொல்லு," என்றார் மீரா உசேன்.

வீரையன் வந்தான். ஒல்லியான உயரமான ஆள். வெட்கத்தை மறைக்கப் பேசிக்கொண்டே இருந்தான். மீரா உசேன் முதல் நாள் பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார்.

"இது மாப்பிள்ளை அழைப்புக்குக் குடுக்குறது ராவுத்தரே. நான் என்ன பொண்ணு பாக்கவா வந்தேன்?"

மறுநாள் நன்னாரி. "வயித்தக் குளுத்துது. எனக்கு எரியணும்."

அதற்கடுத்த நாள் உப்புப் போட்ட எலுமிச்சை. "இது குடிச்சவனுக்கு மறுநா காலையில குடுக்குறது. குடிக்காதவனுக்கு எதுக்கு?"

மீரா உசேனுக்குக் கோபம் வரவில்லை. மிஷினைப் பிரித்துப் பார்த்த மாதிரியே வீரையனிடம் கேட்டார்.

"எங்க எரியும்? நாக்குலயா?"

"நாக்குல ஒண்ணுமில்ல. எறங்கறப்ப நெஞ்சுல ஒரு கோடு கிழிச்சிக்கிட்டுப் போவும். அப்புறம் காது ரெண்டும் சுடும்."

"இனிப்பு?"

"இனிச்சா பச்சப் புள்ள மாதிரி மடக்மடக்குனு போயிடும். மூஞ்சி சுளிக்கணும். சுளிச்ச மூஞ்சிக்கு ஒரு துண்டு ஊறுகா வேணும்." சற்று நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "இன்னொண்ணும் இருக்கு. டீக்கடையில எங்களுக்குத் தனி குவளை, வெளியில நின்னு குடிக்கணும். சாராயக்கடையில அப்படி இல்ல. ஒரே கிளாசு, ஒரே பெஞ்சு. அதுல ஒக்காந்து குடிக்கிறப்ப, சாராயம் பாதி, பெஞ்சு பாதி."

மீரா உசேன் அன்றே பெட்டியிலிருந்து தடித்த கண்ணாடி கிளாஸ் ஒன்றை எடுத்துக் கழுவினார். அவர் டீ குடிக்கிற கிளாஸ்தான். கடைக்குள் சாக்கு மூட்டைகளை ஒதுக்கிப் பெஞ்சைப் போட்டார்.

பிறகு சரக்கைத் தேடினார். சுக்கு, மிளகு, சித்தரத்தை மூன்றையும் இடித்துக் கொதிக்கவைத்து இறுக்கினார். கசப்புக்கு நார்த்தங்காய்த் தோல். சர்க்கரைக்குப் பதில் உப்பு. நாலு நாள் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, ஐந்தாம் நாள் காஸ் ஏற்றிய சோடாவை அதன் மேல் விட்டுக் கிளாஸில் நீட்டினார். வீரையன் ஒரே மடக்கில் இறக்கிக் கண்ணை மூடினான். முகம் சுளித்தது. கை தானாக ஊறுகாய்க்குப் போனது.

"சாராயம் இல்ல," என்றான் மெதுவாக. "ஆனா சாராயத்துக்குத் தூரத்து ஒறவு."

வீரையன் தினம் குடிக்கிற ஆறு கிளாஸ் சாராயம் ஐந்தாயிற்று. ஐந்து நாலாயிற்று. முதலில் ராவுத்தர் கடை, அப்புறம்தான் சாராயக்கடை என்று நீலாம்பாள் ஒழுங்கு வைத்தாள். அங்கே குடிக்கிறதையும் வீரையன் தன் காசில் நின்றபடி குடித்துவிட்டு, பெஞ்சில் உட்காராமல் திரும்பினான்.

வைரக்கண்ணு ஒருநாள் சைக்கிளை நிறுத்திக் கடைக்குள் எட்டிப் பார்த்தான். "என்ன வீரையா, தொப்பி வாங்கிட்டியா? ராவுத்தர் கடையே கதின்னு கெடக்குற."

"உங்க கடையில கட்டைவிரலு மையில நனையுதாம். இங்க தொண்டை மட்டுந்தான் நனையுது."

மீரா உசேன் சிரித்தார். வைரக்கண்ணுவும் சிரித்தான். "இருபதாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்குல்ல," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தான்.

ஒரு தொல்லை இருந்தது. கடையில் குடித்தால் சரி. வயலுக்கு எடுத்துப் போக, மத்தியானக் கை நடுக்கத்துக்கு, வீரையனுக்குப் பாட்டில் வேண்டியிருந்தது. சாற்றைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் சுக்கின் நார், எத்தனை முறை வடிகட்டினாலும், கோலிக்கும் ரப்பருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. காஸ் கசிந்தது. இரண்டு மணி நேரத்தில் பாட்டில் செத்துவிடும். சீறுகிற பாட்டிலைக் கடையிலிருந்து வெளியே அனுப்புவது மீரா உசேனுக்கு அவமானம்.

பாகு, கலர், எசன்ஸ் கொண்டுவருகிற வியாபாரி நாகப்பட்டினத்திலிருந்து வந்தபோது இதைச் சொன்னார். அவன் பையிலிருந்து ஒரு பழுப்புக் குப்பியை எடுத்தான்.

"இதுல அடியில தங்குற மண்டியே கெடையாது. ரெண்டு சொட்டு போதும்."

"என்னது?"

"ஜிஞ்சர்."

"ஜிஞ்சர்னா?"

"இஞ்சிதான் பாய். இங்கிலீஷ்ல ஜிஞ்சர். சுத்தமான சத்து."

மீரா உசேன் ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். எரிந்தது. நெஞ்சுக்குள் ஒரு கோடு இறங்கியது. வீரையன் சொன்ன கோடு இதுதான் என்று நினைத்தார்; வேறொன்றும் நினைக்கவில்லை. இரண்டு சொட்டு விட்டுக் காஸ் ஏற்றிய பாட்டில் கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது. கோலி கிண்ணென்று உட்கார்ந்தது. காதருகே வைத்தார். சத்தமே இல்லை. தொழிலில் அவ்வளவு திருப்தி அவருக்கு வந்து நாளாகியிருந்தது.

வீரையன் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தான். "இதுக்கு என்ன பேரு ராவுத்தரே?"

"ஜிஞ்சர்."

"ஜிஞ்சரு," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். "தூரத்து ஒறவு இப்ப மச்சானாயிடுச்சு."

ஆனி பிறந்தபோது சாராயம் ஒரு கிளாஸுக்கு வந்திருந்தது. பதினைந்தாம் தேதியோடு அதுவும் நின்றது. சோறு இறங்கியது. கை நடுக்கம் காலையில் மட்டும். மடை, களம், மரக்கால் கணக்கு எல்லாவற்றையும் நீலாம்பாள் கேள்வி கேட்க, அவன் தப்பில்லாமல் சொன்னான்.

இருபதாம் தேதி காலை முதல் பஸ்ஸுக்கு இருவரும் வந்தார்கள். வீரையன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன.

"தாலுகா கச்சேரியில கையி ஆடுச்சுன்னா குடிகாரன்னுடுவாங்க. இன்னிக்கு ஒரு நாளைக்குக் கொஞ்சம் தூக்கலா போட்டுக் குடுங்க ராவுத்தரே."

மீரா உசேனுக்கும் அன்று மனசு இளகியிருந்தது. சொட்டுக்குப் பதில் குப்பியின் மூடியால் ஒரு மூடி விட்டார். இரண்டு பாட்டில். வீரையன் ஒன்றைப் பஸ்ஸில் குடித்தான். மற்றதைத் தாலுகா ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில், கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் குடித்தான். கை நின்றது.

உள்ளே நடந்ததை நீலாம்பாள் வாசல்படியில் நின்று பார்த்தாள். வீரையன் கைகூப்பிக்கொண்டு மேஜைக்கு அருகில் போனான். "சாமி, ஆறு மாவும் எங்கப்பன் காலத்துலேருந்து..." என்று தொடங்கினான். துரைராசுவின் வக்கீல் எழுந்தார். ஆள் வாயிலிருந்து வருகிற வாசனையைத் தாசில்தார் ஐயா கவனிக்க வேண்டும் என்றார்.

தாசில்தார் மதுவிலக்குக் காலம் முழுவதும் உத்தியோகத்தில் இருந்தவர். அந்த நாட்களில் சாராயம் கிடைக்காதவர்கள் மருந்துக்கடையில் இஞ்சிச் சாராய மருந்தை வாங்கி அப்படியே குடித்தார்கள். ஊரில் அதை டிஞ்சர் என்பார்கள். கேஸ் எழுதுகிற காகிதத்தில் அது ஜிஞ்சர். அந்த வாசனை அவருக்குப் பழக்கம்.

"ஜிஞ்சர் குடிச்சியா?" என்று கேட்டார்.

வீரையனுக்கு நிம்மதியாக இருந்தது. சாராயம் குடித்தாயா என்று கேட்டிருந்தால் பயந்திருப்பான். "ஆமாங்க சாமி. ஜிஞ்சருதான் குடிச்சேன். அஞ்சு நாளா அது மட்டுந்தாங்க," என்றான்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் புரியாமல் கொஞ்சம் சிரித்தான். தாசில்தார் பேனாவை எடுத்து, மனுதாரர் குடிபோதையில் ஆஜர் என்று எழுதினார். பதினைந்து நாள் வாய்தா. அடுத்த முறையும் இப்படி வந்தால் மனு தள்ளுபடி.

இன்னொரு வாய்தா இருக்கிறது என்று நீலாம்பாள் பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொன்னாள். வீரையன் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடிச்சப்ப எவனும் எழுதல. குடிக்காதவனை எழுதிட்டான்," என்றான் ஒரே ஒரு தடவை.

கருவேலங்கடையில் பஸ் நின்றதும் இறங்கி நேராகச் சாராயக்கடைக்குப் போனான். நீலாம்பாள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள், கையை உதறிவிட்டான். வைரக்கண்ணு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ராஜிப் பத்திரத்தில் மை காய்ந்துவிட்டது.

மறுநாள் காலை மீரா உசேனுக்கு விஷயம் தெரிந்தது. நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். எல்லோர் வாயிலும் ஜிஞ்சர் என்ற சொல் மட்டும் மாறாமல் இருந்தது. அவர் பழுப்புக் குப்பியைத் துண்டில் சுற்றிக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தார். கம்பவுண்டர் பக்கீர் முகம்மது லேபிளைக் கண்ணுக்கருகில் பிடித்துப் படித்தார்.

"இது எதுக்கண்ணே உங்களுக்கு?"

"என்ன எழுதியிருக்கு? அதைச் சொல்லு."

"இஞ்சிச் சத்து கொஞ்சம். மிச்சம் தொண்ணூறு பங்கு ஸ்பிரிட்டு. சாராயந்தாண்ணே. இதைத்தானே அப்ப டிஞ்சருன்னு குடிச்சானுங்க."

டிஞ்சர் என்றால் மீரா உசேனுக்குத் தெரிந்தது, விரல் போன அன்று ஆஸ்பத்திரியில் தடவிய செந்நிற மருந்து. ஊரில் டிஞ்சர் குடிக்கிறான் என்று சொல்லும்போதெல்லாம் புண்ணுக்குப் போடுவதைப் போய்க் குடிக்கிறானே என்றுதான் நினைத்திருந்தார். ஜிஞ்சரும் டிஞ்சரும் ஒன்று என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தால் போதும் என்று இருந்துவிட்டார்.

"ரெண்டு சொட்டுல ஒண்ணும் ஆயிருக்காதுண்ணே," என்றார் பக்கீர் முகம்மது.

"மூடியால விட்டேன்," என்றார் மீரா உசேன்.

குப்பியைச் சாக்கடையில் கவிழ்த்தார். இரண்டு நாள் மிஷின் ஓடவில்லை. இருக்கிற பாட்டில் அத்தனையும் வெந்நீரில் போட்டுக் கழுவினார். ரப்பர் வளையங்களை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினார். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு நின்றபோது, தன் நாக்கில் வைத்த அந்த ஒரு சொட்டு ஞாபகம் வந்தது. அந்தப் பாவத்துக்கு அல்லாவிடம் தௌபா கேட்டு மன்றாடினார். வீரையனுடையதை யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெற்குத் தெருவுக்குப் போகக் கிளம்பி, வாய்க்கால் மதகு வரை போய்த் திரும்பி வந்தார்.

ஏழாம் நாள் நீலாம்பாளே வந்தாள். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

"தண்ணி வந்துடுச்சுங்க. நாத்துப் பறிக்கக் கூப்புடுறாங்க. அந்த ஆறு மாவுலயே. துரைராசு பண்ணைக் கூலியா." அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "போகலைன்னா சோறு இல்ல. போனா கையி ஆடுது, நாத்து முடி கட்ட முடியல. அதுக்குன்னு காலையிலயே அங்க போயிடுறாரு. நிலந்தான் போச்சு. ஆளாவது நிக்கணும். மறுபடி அதைப் போட்டுக் குடுங்க."

"எதைம்மா?"

"மொத மொதல்ல குடுத்தீங்களே. மண்டி நிக்குமே, அதை."

"நாளைக்கு மத்தியானம் வா."

அவள் போனதும் வேலையைத் தொடங்கினார். சுக்கைச் சுரண்டித் தோல் நீக்கினார். மிளகைத் தனியாகவும் சித்தரத்தையைத் தனியாகவும் இடித்தார். மூன்று படித் தண்ணீர் அரைப்படியாகச் சுண்டும்வரை அடுப்பருகில் இருந்தார். நார்த்தங்காய்த் தோலை இறக்குகிற நேரத்தில்தான் போட்டார். முன்னாலேயே போட்டால் கசப்பு முற்றிவிடும். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, அசையாமல் வைத்து, மறுநாள் காலை தெளிவை மட்டும் மேலோடு இறுத்தார். மண்டி அப்படியும் கொஞ்சம் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டார். அதைக் கோலிப் பாட்டிலில் ஊற்றவே இல்லை. தக்கை போட்ட சாதாரணப் பாட்டில் ஒன்றில் சாறு. கோலிப் பாட்டில் நாலில் வெறும் சோடா. ரப்பரில் நார் படவில்லை, காஸ் நின்றது. இவ்வளவு சுலபமான வழி அப்போது ஏன் தோன்றவில்லை என்று யோசிக்க ஆரம்பித்து, யோசிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

நீலாம்பாள் கூடையோடு வந்தாள். மீரா உசேன் பாட்டில்களை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"சாறு மூணு விரக்கடை ஊத்து. மேல சோடா. கிளாசுலதான் குடுக்கணும், பாட்டிலோட குடுக்காதே. ஊறுகா வச்சிடு. ஒரேயடியா அதை நிறுத்தச் சொல்லாதே, முன்ன மாதிரியே ஒவ்வொரு கிளாஸா." கை நின்றது. "நீலாம்பா, அந்த ஜிஞ்சர்ல சாராயம் இருந்துது. எனக்குத் தெரியல. கச்சேரியில அடிச்ச வாடை என் கை போட்டது."

அவள் கூடையைப் பார்த்தபடியே நின்றாள். பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"அவரு அப்பவே சொன்னாருங்க," என்றாள். "பழைய டிஞ்சர் நெனப்பு வருதுடி, இதுல என்னமோ இருக்குன்னாரு. நான்தான், ராவுத்தரய்யா கையில அதெல்லாம் வராது, பேசாம குடின்னேன்."

மீரா உசேன் தக்கை போட்ட பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதுல?" என்று கேட்டாள்.

"இதுல இல்ல."

"வாடை?"

"சுக்கு வாடை இருக்கும். வேற இருக்காது."

அவள் தக்கையைப் பிடுங்கி மோந்து பார்த்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். முகம் சுளித்தது. தக்கையை அழுத்தி மூடினாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். மீரா உசேன் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் கூடையில் அடுக்கி, அதைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.